சேலத்தில் குடோனுக்கு ஏ.சி. போடுவதற்கு முன் கூரையைப் பாருங்கள்

போன வாரம் செவ்வாய்ப்பேட்டையில் இருந்து சொந்தக்கார மாமா ஒருவர் போன் போட்டார். "மாப்ளே, குடோனுக்கு ஏ.சி. போடலாம்னு இருக்கேன். ரெண்டாயிரம் அடி. எத்தனை டன் வேணும்?" நான் உடனே, "கூரை என்னங்க மாமா, தகரமா, கான்கிரீட்டா?" என்று கேட்டேன். கூரைக்கும் டன்னுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் எனக்கும் விளங்கவில்லை. இரண்டு முறை பணத்தைப் போட்டு, இரண்டு முறையும் சரியாக அமையாமல், மூன்றாவது தடவைதான் ஒழுங்காக வந்தது. மாமாவிடம் அரை மணி நேரம் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதி வைக்கிறேன். பங்குனி பிறப்பதற்குள் இன்னும் நாலைந்து பேர் இதையே கேட்பார்கள்.

எங்கள் குடோன் கொண்டலாம்பட்டி பக்கம். 60 அடி நீளம், 40 அடி அகலம், ஓரத்தில் 18 அடி உயரம், நடு முகட்டில் 22 அடி. மேலே தகர ஷீட். இளம்பிள்ளையில் இருந்து சாப்ட் சில்க், காட்டன் சேலைகளை வாங்கி, ஆன்லைன் ஆர்டருக்கு இங்கிருந்து பேக் செய்து அனுப்புகிறோம். பேக்கிங்கில் 12 பேர், அதில் 11 பேர் பெண்கள். சேலையைப் பிரித்து டேமேஜ் பார்த்து, மறுபடி மடித்து, கவரில் போட்டு, அட்டைப்பெட்டியில் வைத்து டேப் அடித்து, அட்ரஸ் ஸ்டிக்கர் ஒட்டும் வரை எல்லாமே நின்றுகொண்டே பார்க்கும் வேலை.

சேலத்து வெயிலைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, நடுவில் நாம். 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டில் சித்திரை மாதத்திலும் ராத்திரி போர்வை தேவைப்படும். கீழே அதே நாளில் பகல் 40 டிகிரியைத் தொட்டிருக்கும். தகரக் கூரைக்குக் கீழே நிற்பவர்களுக்கு அந்த 40 என்பது வெறும் தொடக்கம்தான்.

ஒரு மே மாத மதியம். எங்களிடம் ஆரம்பத்தில் இருந்து வேலை செய்யும் அக்கா ஒருவர் இரண்டு மணிக்கட்டிலும் துண்டைக் கிழித்துச் சுற்றிக் கட்டியிருந்தார். எதற்கு அக்கா என்று கேட்டதற்கு, "வேர்வை கையில இறங்கி சேலையில சொட்டிருது தம்பி, மாம்பழ கலர்ல போட்டா கறை அப்படியே நிக்குது" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது சேலையை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முகம்தான். சிவந்து போய், உதட்டு ஓரம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அன்று சாயந்திரமே ஏ.சி. கடைக்குப் போனேன்.

அங்கேதான் முதல் தவறு. விற்றவர் குடோனை வந்து பார்க்கவே இல்லை. சதுர அடி கேட்டார், பட்ஜெட் கேட்டார், "2 டன் ஸ்பிளிட் நாலு போட்டுக்கங்க, ஆளுங்க நிக்கிற பக்கம் மட்டும் கூலிங் வந்தா போதும்ல" என்றார். ஆக மொத்தம் 8 டன். சுவரில் பத்தடி உயரத்தில் வரிசையாக மாட்டினார்கள். காலை 9 மணிக்கு 16 டிகிரியில் வைத்து ஓடவிட்டால் சாயந்திரம் 6 மணி வரை கம்ப்ரஸர் ஒரு தடவைகூட நிற்காது. நேராகக் காற்று படும் இடத்தில் நிற்பவருக்குத் தலைவலி, நாலடி தள்ளி நிற்பவருக்கு வேர்வை. உள்ளே 33 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. ஒரு நாளைக்கு 80 யூனிட் கரண்ட் போனது.

ஏன் இறங்கவில்லை என்பது கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. டன் என்பது எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அந்த வேகத்துக்கு வைத்த பெயர். ஐஸ் விற்ற காலத்தில் இருந்து வந்த கணக்கு. இன்றைய அளவில் ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் ஒரு அலகு), அதாவது ஏறக்குறைய 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும் சக்தி. இப்போது கூரைக்கு வாருங்கள். வெயிலில் காய்ந்த வெறும் தகரம் உள்பக்கமாக ஒரு சதுர மீட்டருக்கு 150 வாட் இறக்குகிறது என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். எங்கள் கூரை 223 சதுர மீட்டர். பெருக்கினால் 33 கிலோவாட்டுக்கு மேல், அதாவது ஒன்பதரை டன். ஆட்களைக் கணக்கில் சேர்க்கவில்லை, கதவு வழியே வரும் அனல், லைட், சுவர் எதையும் சேர்க்கவில்லை. கூரை ஒன்பதரை டன் சூட்டை உள்ளே கொட்டுகிறது, நான் 8 டன்னை வைத்து அதை இறைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் சூட்டை நீங்களே அளந்து பார்க்கலாம். லேசர் தெர்மாமீட்டர் என்று கையடக்கமான கருவி கிடைக்கிறது. ஆனால் பளபளப்பான தகரத்தின் மேல் நேரடியாகக் காட்டினால் சூட்டைக் குறைத்துச் சொல்லும், பளபளப்பு அதை ஏமாற்றிவிடும். நான் ஏணி போட்டு ஏறி ஷீட்டின் அடியில் ஒரு துண்டு பிரவுன் பேக்கிங் டேப்பை ஒட்டி, ஐந்து நிமிஷம் விட்டு, டேப்பின் மேல் அளந்தேன். மதியம் 2.30 மணிக்கு 58 டிகிரி. ஏணி உச்சியில் நின்ற அந்த ஐந்து நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சூடான காற்று மேலேதான் போய்த் தேங்கும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனாலும் 18 அடி உயரத்தில் அதற்குள் தலையை நீட்டினால்தான் உறைக்கிறது.

அதற்கடுத்த வருஷம் ஏர் கூலர் பக்கம் போனேன். வீட்டில் வைக்கும் சின்னக் கூலர் இல்லை, வெளிச்சுவரில் பெரிய பெட்டியாக வைத்து டக்ட் எனும் பெரிய காற்றுக் குழாய் வழியாக உள்ளே காற்றைத் தள்ளும் ரகம். சேலம் மாதிரி வறண்ட ஊருக்கு இது நிஜமாகவே நல்ல பொருள், ஒரு வார்த்தைகூடக் குறை சொல்ல மாட்டேன். ஏப்ரல் மாத மதியத்தில் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஈரமான பேடு வழியாக வரும் காற்று 27, 28 டிகிரிக்கு இறங்கிவிடும். மோட்டார் ஓட்டும் கரண்ட் மட்டும்தான் செலவு. கடலோரத்தில் ஈரப்பதம் ஏற ஏற இது வேலை செய்யாமல் போகும், அதனால் சென்னைக்காரர்கள் சொல்லும் அனுபவத்தை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது, நம் ஊர் அனுபவத்தை அவர்களுக்குச் சொல்லவும் கூடாது. ஒன்று மட்டும், போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தேன்கூடு மாதிரி இருக்கும் அந்த பேடு ஒரே சீசனில் வெள்ளை பூத்து அடைத்துக்கொள்ளும். தொட்டித் தண்ணீரை வாரத்துக்கு ஒரு தடவை முழுசாக இறக்கி மாற்ற வேண்டும். அப்புறம் ஜன்னலும் எக்ஸாஸ்டும் திறந்தே இருக்க வேண்டும், உள்ளே வந்த ஈரக்காற்று வெளியே போக வழி இல்லையென்றால் குளிர்ச்சி வராது, புழுக்கம்தான் வரும். சில இடங்களில் ஏ.சி.யையும் ஓடவிட்டு, போதவில்லை என்று கூலரையும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். கூலர் போடுகிற ஈரத்தை ஏ.சி. தண்ணீராக இறக்கி வெளியே விடுகிறது, அவ்வளவுதான் நடக்கிறது. இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் அக்காக்கள் எல்லோரும் வாழ்த்தினார்கள். சிக்கல் ஆடி முடிந்து மழை பிடித்தபோது ஆரம்பித்தது. சேலை வியாபாரத்தில் கூட்டமே ஆடித் தள்ளுபடியில் தொடங்கி தீபாவளி வரைக்கும்தான். சேலத்தில் நல்ல மழை பெய்வதும் ஆகஸ்டில் இருந்து அக்டோபர் வரை. இரவெல்லாம் மழை, பகலில் சுள்ளென்று வெயில், காற்றில் ஈரம் 70, 75 சதவீதம். அந்த நிலையில் கூலர் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இறக்காது. ஓடவிட்டால் ஈரம்தான் கூடும். அட்டைப்பெட்டிகள் நமுத்துப் போய் ஓரம் வளைந்தன, அடித்த டேப் மறுநாள் காலையில் பிரிந்து நின்றது, ஜரிகை பார்டர் போட்ட ஒரு லாட் லேசாகக் கறுத்துப்போய்த் திரும்பி வந்தது. கையில் வாங்கி விரித்துப் பார்த்தேன். பார்டரில் மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் கோடு போட்ட மாதிரி ஒரு மங்கல். யாரோ ஒருவர் பண்டிகைக்கு ஆசைப்பட்டு வாங்கிய சேலை அது.

இன்றைய முறையிலான ஏ.சி. முதலில் வடிவமைக்கப்பட்டதே மனிதர்களுக்காக இல்லை. 1902ல் அமெரிக்காவில் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காராமல் விலகின. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் வில்லிஸ் கேரியர் இந்த முறையை வடிவமைத்தார். கறுத்த ஜரிகையோடு உட்கார்ந்திருந்தபோது இதைப் படித்தேன். ஏ.சி. இறக்க வேண்டியது சூட்டை மட்டும் இல்லை, ஈரத்தையும்தான் என்பது அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. அதனால், உங்கள் பொருள் என்ன, உங்களுக்குக் கூட்டம் எந்த மாதம் என்ற இரண்டையும் சொல்லாமல் எந்தச் சாதனத்தையும் தேர்ந்தெடுக்காதீர்கள். இரும்பு சாமானோ டைல்ஸோ வைத்திருப்பவருக்குக் கூலர் தாராளமாகப் போதும். துணி, மஞ்சள், ஜவ்வரிசி, அட்டைப்பெட்டி என்றால் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது வருஷம் வரிசையை மாற்றினேன். முதலில் கூரை. ஷீட்டை நன்றாகக் கழுவி, காயவைத்து, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தோம். அதே நேரம், அதே டேப்பின் மேல் அளந்தபோது 58 டிகிரி இருந்த இடத்தில் 43 காட்டியது. இன்னும் ஒரு ஏ.சி.கூட மாட்டவில்லை, அதற்குள் உள்ளே நிற்க முடிந்தது. வருஷா வருஷம் மாசி மாதத்தில் கழுவி விட வேண்டும், புழுதி படிந்தால் வெள்ளையின் பலன் போய்விடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வைத்திருப்பவர்கள் இதைத் தாங்களே செய்யக் கூடாது. தேய்த்தாலோ துளை போட்டாலோ வரும் தூசு நுரையீரலுக்கு ஆபத்து, முறை தெரிந்த ஆளை வையுங்கள், முடிந்தால் ஷீட்டையே மாற்றிவிடுங்கள்.

அடுத்து, மொத்தக் குடோனையும் குளிர வைக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டேன். ரேக்கில் அடுக்கி வைத்த சேலைக்கு 26 டிகிரி தேவையில்லை, ஈரம் படாமல் காற்று ஓடினால் போதும். ஆட்கள் நிற்பது ஒரு மூலையில் 30 அடிக்கு 20 அடி இடத்தில்தான். அந்த 600 சதுர அடியை மட்டும் பஃப் பேனல் (நடுவில் ஃபோம் அடைத்த, சூடு புகாத தகடு) வைத்துத் தடுத்து, பத்தடி உயரத்தில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதன் மேல் இன்சுலேஷன் விரித்தோம். குடோனுக்குள் ஒரு வீடு மாதிரி. இப்போது கணக்கு வேறு: 12 பேர், ஆளுக்கு 200 வாட் என்றால் 2.4 கிலோவாட். லைட், கம்ப்யூட்டர், ஸ்டிக்கர் பிரிண்டர் எல்லாம் சேர்த்து ஒன்றரை. சுவரும் சீலிங்கும் சேர்ந்து ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். மூச்சுவிட வெளிக்காற்று உள்ளே வர வேண்டும், கதவும் அடிக்கடி திறக்கும், அதற்கு ஐந்து. மொத்தம் 10 கிலோவாட், அதாவது 3 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. முன்னால் 8 டன் போட்டும் ஆகாதது இப்போது 4 டன்னில் முடிந்தது, சீலிங்கில் பதிக்கும் கேசட் ஏ.சி., 2 டன்னில் இரண்டு.

ஒரே பெரிய யூனிட்டாக, டக்ட் வழியாகக் காற்றைப் பரப்பும் டக்டபிள் ஏ.சி. போடலாம் என்று ஒருவர் சொன்னார். பெரிய ஹாலுக்கு அதுதான் அழகு, காற்று எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த ஒரு யூனிட் நின்றுவிட்டால் எல்லாமே நின்றுவிடும். இரண்டாக இருந்தால் ஒன்று நின்றாலும் மற்றது ஓடும், ஆள் குறைவான நாளில் ஒன்றை அணைத்தும் வைக்கலாம். ஸ்பிளிட் வேண்டாம் என்றதற்குக் காரணம், பழைய தலைவலிதான். கேசட் மேலே இருந்து நாலு பக்கமும் காற்றை விரிக்கும், ஒருத்தர் நெற்றியிலேயே அடிக்காது. சிலர் "எதுக்கும் ரெண்டு டன் கூடவே போட்டுக்கங்க" என்பார்கள். தேவைக்கு மேல் போட்டால் அறை சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரஸர் அடங்கிவிடும், ஆனால் ஈரம் இறங்க நேரம் கிடைக்காது. குளிரும் பிசுபிசுப்பும் சேர்ந்து இருக்கும், துணிக்கு அது ஆகாது.

தேவைக்கு ஏற்ப கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ரகமே வாங்குங்கள், பகல் முழுக்க ஓடுகிற இடத்தில் வித்தியாசம் பில்லில் தெரியும். மூன்று ஃபேஸ் லைனில் லோடைச் சமமாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள், மின்வாரியத்தில் சாங்ஷன் லோடை (உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்சுமையை) உயர்த்த விண்ணப்பம் கொடுத்துவிட்டுத்தான் யூனிட்டை மாட்டுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஏரியா என்றால் ஸ்டெபிலைசர்.

அவுட்டோர் யூனிட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், யாரும் இதைக் கவனிப்பதில்லை. முதல் தடவை எங்களுக்கு நாலையும் மேற்குச் சுவரில் மாட்டினார்கள். மதியம் 3 மணி வெயில் நேராக அதன் மேல் விழும், சூட்டை வெளியே தள்ள வேண்டிய பெட்டியே வெந்துகொண்டிருக்கும். இப்போது வடக்குச் சுவர், பின்னால் ஒரு அடி இடைவெளி, முன்னால் ஆறடிக்கு எதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் ஃபில்டரை 15 நாளைக்கு ஒரு முறை கழற்றுகிறோம். காட்டன் சேலையைப் பிரித்து மடிக்கிற இடத்தில் பஞ்சு பறக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படலம் உரிந்து வருகிறது, விரலில் சுருட்டினால் அப்படியே திரி. அது அடைத்தால் காற்று வராது, காயிலில் ஐஸ் கட்டும், ஐஸ் உருகிச் சொட்டுவது மேஜை மேல் இருக்கும் சேலையில்தான்.

வாசலுக்கு பி.வி.சி. ஸ்ட்ரிப் கர்ட்டன் போட்டிருக்கிறோம், தள்ளுவண்டி தானாகத் தள்ளிக்கொண்டு போகும். டீ நேரத்தில் மட்டும் யாராவது அதை மடித்துக் கட்டிவிடுவார்கள், சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

26 டிகிரியில் வைத்து, கூடவே சீலிங் ஃபேன் மெதுவாக ஓடுகிறது. ஒவ்வொரு டிகிரி ஏற்றி வைப்பதற்கும் ஏறக்குறைய 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. எங்களுக்கு இப்போது நாளைக்கு 25 யூனிட் பக்கம் ஆகிறது, முன்னால் 80. மீதிக் குடோனில் கூரை மேல் காற்றிலேயே சுழன்று அனலை இழுக்கும் டர்போ வென்டிலேட்டர் நாலும், கிழக்குச் சுவரில் உச்சியில் இரண்டு எக்ஸாஸ்டும் போட்டுத் தேங்கும் அனலை வெளியே விடுகிறோம்.

இதெல்லாம் செலவுதானே என்று மாமா கேட்டார். செலவுதான். ஆனால் இது முதலாளி மனசு வைத்தால் செய்கிற தர்மம் மாதிரி பேசப்படுவது எனக்குப் பிடிக்கவில்லை. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் 13ஆம் பிரிவிலேயே வேலை செய்யும் இடத்தில் காற்றோட்டமும் தாங்கக்கூடிய வெப்பநிலையும் இருக்க வேண்டும் என்று இருந்தது; 2025ல் அதன் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. தமிழக அரசு 2024ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. எங்கள் குடோன் அந்தச் சட்டங்களுக்குள் வருகிறதா இல்லையா என்பது வேறு விஷயம், 58 டிகிரி தகரத்துக்குக் கீழே ஒன்பது மணி நேரம் ஒருவரை நிற்கவைத்துவிட்டு வேகமாக மடிக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. மணிக்கட்டுத் துண்டு இப்போது இல்லை. அந்த அக்கா போன சித்திரையில் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

இன்னும் முடியாத இடம் ஒன்று இருக்கிறது, லோடு ஏற்றி இறக்கும் பக்கம். மேற்கு பார்த்த ஷட்டர், மதியம் லாரி வந்தால் ஒரு மணி நேரம் திறந்தே கிடக்கும், மூட்டை தூக்கும் அண்ணன்கள் மூன்று பேரும் முழு வெயிலில். அங்கே ஏ.சி. போட்டுப் பிரயோஜனமில்லை. பழைய டக்ட் கூலர் சும்மாதான் இருக்கிறது, அதை மார்ச் முதல் மே வரை அந்தப் பக்கம் மட்டும் திருப்பிவிடலாம், வெளியே 15 அடிக்கு ஒரு நிழல் கூரை இறக்கலாம் என்று வெல்டிங்காரரிடம் அளவு கொடுத்திருக்கிறேன். லாரி உயரத்துக்கு 14 அடி விட்டால் சாயந்திர வெயில் அடியில் புகுந்துவிடுகிறது, தாழ்த்தினால் லாரி இடிக்கிறது. மேற்குப் பக்க ஷட்டருக்கு யாராவது சேலம், ஓமலூர் பக்கம் இதைச் சரியாகச் செய்திருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.